நீதி கேட்டு ஜெபிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களின் வீட்டு ஜெபக்கூட்டங்களில், விண்ணப்பங்களைச் சொல்லும் நேரம் வந்ததும், குத்தகையாளர் பிடித்து வைத்த சம்பளமும், லயத்து வீட்டை (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டை) காலி செய்யச் சொல்லி வந்த கடிதமும், தகப்பன் நிலத்தைத் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்ட அண்ணனும்தான் முதலில் பேச்சுக்கு வருகிறார்கள். இவற்றை ஆண்டவரிடம் கொண்டுபோவது சரியே. கொண்டுபோகும் விதத்தில்தான் நாம் தவறுகிறோம்.

மிகவும் ஆபத்தான தவறு, தீர்ப்பை நாமே எழுதி முடித்துவிட்டுக் கையெழுத்துக்கு மட்டும் அவரிடம் நீட்டுவது. "அந்த மண்டோர் (வேலையாட்களை மேய்க்கும் கங்காணி) என் கண்முன்னே விழ வேண்டும்" என்று கேட்பவருக்கு நீதிபதி தேவையில்லை, தண்டனையை நிறைவேற்ற ஓர் ஆள்தான் தேவை. லூக்கா நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் உவமையில் வரும் விதவை நீதிபதியிடம் விடாமல் கேட்டாள். ஆனால் தனக்கு நியாயம் செய்யும்படி கேட்டாளே ஒழிய, எதிராளிக்கு என்ன நேர வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. அதே அதிகாரத்தில், அவளை அடுத்தே, வாரம் இருமுறை உபவாசிப்பதையும் தசமபாகம் கொடுப்பதையும் எடுத்துச் சொல்லும் பரிசேயனும் (யூத மதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவன்), "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்று மார்பில் அடித்துக்கொள்ளும், வரி வசூலிப்பவனான ஆயக்காரனும் வருகிறார்கள். அநியாயம் இழைக்கப்பட்டவர் விதவையின் இடத்திலிருந்து பரிசேயனின் இடத்துக்குத் தம்மை அறியாமலே நகர்ந்துவிடுகிறார். வழக்கில் நியாயம் தம் பக்கம் இருப்பதால், தாமே நீதிமான் என்று எண்ணத் தொடங்குகிறார். வழக்கில் உறுதியாக நின்றுகொண்டே, தமக்கும் இரக்கம் வேண்டும் என்று கேட்பதுதான் தாழ்மையான ஜெபம்.

கோபத்தை மறைத்து மெல்லிய குரலில் ஜெபிப்பதே தாழ்மை என்று நினைப்பதும் பிழைதான். 109ஆம் சங்கீதம் கொதிக்கும் கோபத்தை அப்படியே தேவனிடம் கொட்டுகிறது. துன்மார்க்கர் செழிப்பதைக் கண்டு கால் தடுமாறியதை 73ஆம் சங்கீதத்தில் ஆசாப் ஒளிக்கவில்லை. கோபத்தை அவரிடம் கொட்டலாம். பழிவாங்குதலை அவரிடமே விட்டுவிட வேண்டும் என்று ரோமர் 12:19 சொல்கிறது.

அப்படி விட்டுவிடுவதை, வாய் மூடியிருப்பது என்று புரிந்துகொள்வோர் நம்மிடையே ஏராளம். "ஆண்டவர் பார்த்துக்கொள்வார், பெரிதுபடுத்தாதே" என்று பெரியவர்கள் சொல்வது சமாதானத்தைக் காப்பதாகத் தோன்றலாம். உண்மையில் அது சம்பளத்தைப் பிடித்து வைத்தவரைத்தான் காக்கிறது. அறுவடை செய்தவர்களின் பிடிக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுகிறது என்கிறது யாக்கோபு 5:4. நம் நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து 7 நாள்களுக்குள் சம்பளம் கொடுக்கப்பட வேண்டும். கொடுக்கப்படாவிட்டால், சம்பளச் சீட்டையும் வருகைப் பதிவையும் எடுத்துக்கொண்டு தொழிலாளர் இலாகாவுக்குப் போவது விசுவாசக் குறைவு ஆகாது. அப்போஸ்தலன் பவுலும் தம் வழக்கில் ரோமப் பேரரசனான இராயனுக்கு அபயமிட்டார், அதாவது மேல்முறையீடு செய்தார். அதனால் அவருடைய நம்பிக்கை குறைந்துபோகவில்லை.

துன்பப்படும் வீட்டுக்குப் போய், "எங்கேயாவது பாவம் நடந்திருக்குமோ" என்று கேட்பதை அடியோடு விட்டுவிட வேண்டும். சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் அல்லர் என்று இயேசுவே சொன்னார்.

கடைசியாக, கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை ஜாடையாகக் குத்துவதற்கு ஜெபத்தைப் பயன்படுத்தும் பழக்கம். "சிலருடைய மனதை மாற்றும் ஆண்டவரே" என்று கண்களை மூடிக்கொண்டு சொல்லும்போதே, அந்தச் சிலர் யார் என்பது அங்கிருக்கும் எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்கிறது மத்தேயு 5:24. அந்தச் சகோதரன் பெரும்பாலும் அடுத்த லயத்தில்தான் இருக்கிறார். கூட்டம் தொடங்குவதற்கு முன்பே அவர் வீட்டுக்குப் போய், மனத்தாங்கலை நேரில் சொல்லிவிடலாம்.