சின்ன மண்டபத்தில் பாட்டுக்கு ஸ்பீக்கர் வைக்கும் முறை

திருகோணமலையில் பண்ணிசையும் பஜனையும் சீமெந்துச் சுவரும் மாபிள் தரையும் உள்ள சின்ன மண்டபங்களிலும் நடக்கின்றன. அங்கே மைக் கூவுவதற்கு, அதாவது ஸ்பீக்கரின் சத்தம் திரும்ப மைக்குக்குள் போய் வீரிடுவதற்கு, முதற்காரணம் ஸ்பீக்கர் பாடுபவருக்குப் பின்னால் நிற்பது. இரண்டு ஸ்பீக்கரையும் மைக்கைவிட 3, 4 அடி முன்னே, சபையைப் பார்த்து வையுங்கள்.

மூலையில் தள்ளிவிடாதீர்கள். மூலை அடிக்குரலை ஊதிப் பெருக்கும், சொல் குழம்பும். தேவாரத்தில் சொல்தானே உயிர்! சுவரிலிருந்து 2 அடியாவது விலக்கி, மிக்சரில் பாடுபவரின் மைக்குக்கு 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடிச்சத்தத்தை வெட்டிவிடுங்கள். மிருதங்க மைக்குக்கு இப்படி வெட்டவேண்டாம்.

உயரம்: ஸ்பீக்கரின் மேற்பகுதியில் உள்ள, மேல்சத்தம் வரும் ஹோர்ன், தரையில் இருப்பவர்களின் தலைக்கு மேலே நிற்கவேண்டும். 5 அடி ஸ்டான்ட் போதும். முகத்தைச் சற்றுக் கீழே, ஆட்கள் பக்கம் சரியுங்கள். உடம்பும் உடுப்பும் சத்தத்தை உறிஞ்சும், வெறுஞ்சுவர் திருப்பி அடிக்கும்.

பாடுபவர் தன் குரலைக் கேட்க மொனிட்டர் ஸ்பீக்கர் வைத்தால் மைக்கின் வகையைப் பாருங்கள். மைக்குக்குக் காது கேளாத பக்கத்தில் மொனிட்டர் நிற்கவேண்டும். கார்டியோயிட் வகை என்றால் மைக்கின் நேர் பின்னால். சூப்பர்கார்டியோயிட் வகை என்றால் பின்பக்கச் சரிவில், மைக்கின் முன்முகத்திலிருந்து ஏறக்குறைய 125 பாகையில்.

இவ்வளவுக்குப் பிறகும் கூவினால், சத்தத்தைக் கூட்டாமல் மைக்கை வாய்க்கு நெருக்குங்கள். தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் ஏறும். பாடாதவரின் மைக்கை மூடிவையுங்கள். மின்விசிறி நேரே மைக்கில் ஊதக்கூடாது.