தவறான விடையை வைத்தே பாடம் நடத்தலாம்: ஏஐ + கஹூட் வினாடி வினா

பின்னக் கூட்டலில் பத்துக் கேள்வி கேட்டால் சாட்ஜிபிடி நொடியில் கொடுத்துவிடும். சிக்கல், விடைத் தெரிவுகளில்தான். 1/2 + 1/3 என்று கேட்டுவிட்டு, 5/6-க்குப் பக்கத்தில் 9, 7/100 என்று வாய்க்கு வந்ததை வைத்தால் கணக்கே போடாமல் பிள்ளைகள் சரியானதைத் தொட்டுவிடுவார்கள்.

படி 1: கஹூட் என்பது வகுப்பில் வினாடி வினா விளையாட உதவும் இணையதளம். அதில் ஆசிரியருக்கு மட்டும் பயனர் கணக்கு (அக்கவுண்ட்) இருந்தால் போதும். மாணவர்கள் திரையில் வரும் நுழைவு எண்ணை (PIN) போட்டு நுழைந்துவிடலாம்.

படி 2: என்னை ரொம்ப நேரம் இழுத்துப் பிடித்தது இந்தப் படிதான். ஏஐயிடம் இப்படிக் கேளுங்கள்: "தவறான ஒவ்வொரு விடையும் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு பிழையிலிருந்து வரவேண்டும். என்ன பிழை என்று பக்கத்திலேயே எழுது."

அதே கணக்குக்கு இப்போது வரவேண்டிய தெரிவுகள்:

2/5: மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியவர்.
2/6: பகுதியை 6 ஆக்கியவர், தொகுதியை மாற்றவில்லை.
1/6: கூட்டாமல் பெருக்கியவர்.

யார் எங்கே தடுமாறுகிறார் என்பது விடையிலேயே தெரிந்துவிடும். ஆனால் ஒவ்வொன்றையும் நீங்களே தாளில் போட்டுப் பாருங்கள். சில நேரம் 10/12 "தவறான" தெரிவாக வந்து உட்கார்ந்திருக்கும். அதுவும் 5/6 தானே! மாணவர் பெயர், மதிப்பெண் எதையும் ஏஐயிடம் கொடுக்கவே கூடாது.

படி 3: கேள்விகளைக் கஹூட்டில் ஏற்றுங்கள். சுருக்கமாக எழுதுங்கள், எழுத்து வரம்பு உண்டு. கணினிக்கு மெய்யெழுத்தின் மேல் உள்ள புள்ளியும் தனிக் குறி என்பதால், நாம் நான்கெழுத்தாகப் பார்க்கும் 'பக்கம்' அதற்கு ஆறு.

படி 4: நேரத்தை 60 நொடியாக்குங்கள். வேகமாகத் தொட்டவருக்குக் கூடுதல் புள்ளி என்பது கணக்குக்கு ஆகாது, யோசிக்கிற பிள்ளையை அது பதறவைக்கும். நான் புள்ளியையே நிறுத்திவிடுவேன்.

ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் எந்த விடையை எத்தனை பேர் தொட்டார்கள் என்று பட்டை வரைபடம் வரும். அங்கே நிறுத்துங்கள். 2/5 பட்டை உயர்ந்திருந்தால் அடுத்த கேள்வி காத்திருக்கட்டும். "2/5 பாதியைவிடச் சின்னது. பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் எப்படிக் குறையும்?" என்று கேளுங்கள். இந்த விளையாட்டை வைப்பதே இந்தப் பேச்சுக்காகத்தான்.

பிற்சேர்க்கை: கேள்விகளை மொத்தமாகக் கஹூட்டில் ஏற்ற உதவும் எக்செல் படிவத்தில் 2/5 என்று அடித்தால் தேதியாக மாறிவிடுகிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அடிப்பதற்கு முன்பே அந்தக் கட்டங்களை 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். அடித்த பிறகு மாற்றினால் பின்னத்துக்குப் பதில் ஏதோ ஒரு பெரிய எண்தான் நிற்கும். திரும்ப அடிக்கத்தான் வேண்டும்.