முதல் தோல் உறை: வெட்டி, தைத்து, ஓரம் மெருகேற்றுவது வரை

இந்தப் பதிவில் நாம் செய்யப்போவது மூன்று நான்கு வங்கி அட்டைகள் வைத்துக்கொள்ளும் ஒரு சிறிய தோல் உறை. இரண்டே துண்டுகள், மூன்று பக்கம் தையல். தோல் வேலையில் பிறகு வரும் பை, பெல்ட், நோட்டு அட்டை எல்லாவற்றுக்கும் தேவையான கைப்பழக்கம் இந்த ஒரு உறைக்குள்ளேயே கிடைத்துவிடும். அதனால்தான் புதிதாகத் தொடங்கும் எல்லோரிடமும் இதையே முதலில் செய்யச் சொல்கிறேன்.

முதலில் தோலைப் பற்றி

கருவியை விட இங்கே அதிகம் யோசிக்க வேண்டும். என் முதல் முயற்சிக்கு, தொட்டால் மெத்தென்று இருந்த ஒரு தோலை வாங்கினேன். தைத்தது நன்றாகவே வந்தது. ஆனால் ஓரத்தை எவ்வளவு தேய்த்தும் பளபளப்பு வரவில்லை, நார் நாராகப் பிரிந்து நின்றது. என் கையில்தான் கோளாறு என்று பல நாள் நினைத்தேன். கோளாறு கையில் இல்லை, தோல் அந்த வகை.

பதனிடும் முறையில் பெரும்பாலும் இரண்டு வகை உண்டு. மரப்பட்டை, இலை, காய் போன்றவற்றின் துவர்ப்புச் சத்தில் ஊறவைத்துப் பதனிடுவது தாவரப் பதனீடு. குரோமியம் உப்பில் பதனிடுவது குரோம் பதனீடு. குரோம் தோல் மென்மையானது, தண்ணீரைத் தாங்கும், விதவிதமான நிறங்களில் வரும். ஆனால் அதன் ஓரம் தேய்ப்பதற்கு இணங்காது, அழுத்திய வடிவத்திலும் நிற்காது. தாவரத் தோல் விறைப்பாக இருக்கும், ஈரப்படுத்தினால் வளையும், காய்ந்ததும் வளைந்தபடியே நிற்கும். ஓரத்தைத் தேய்த்தால் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கண்ணாடிபோல் ஆகும். தொடக்கத்துக்கு இதுதான் ஏற்றது.

கடையில் பார்த்ததும் எப்படி அடையாளம் காண்பது? வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். குரோம் தோலாக இருந்தால் நடுவில் பெரும்பாலும் நீலமோ சாம்பலோ கலந்த சாயல் தெரியும். சாயம் ஏற்றாத தாவரத் தோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உறிஞ்சிக்கொண்டு அந்த இடம் கருக்கும். மேலே பூச்சு அடித்த தோலில் இந்தத் தண்ணீர்ச் சோதனை ஏமாற்றலாம், அதனால் ஓரத்தையும் சேர்த்தே பாருங்கள்.

தடிமன் 1.2 முதல் 1.5 மி.மீ. வரை இருக்கட்டும். சில கடைகளில் அவுன்ஸ் கணக்கில் சொல்வார்கள். ஒரு அவுன்ஸ் என்றால் சுமார் 0.4 மி.மீ., ஆக 3 அவுன்ஸ் தோல் நமக்குச் சரியாக வரும். பெல்ட்டுக்கு 3 முதல் 4 மி.மீ. வேண்டும், அது வேறு கதை. விலங்கின் வயிற்றுப் பகுதித் தோல் மலிவாகக் கிடைக்கும், ஆனால் இழுத்தால் நீளும், சுருக்கமும் இருக்கும். முதுகு அல்லது தோள் பகுதியைக் கேளுங்கள். துணுக்குகளை அரைத்துப் பசையிட்டு அழுத்திய ‘பாண்டட் லெதர்’ வேண்டவே வேண்டாம், தையல் துளையிலேயே கிழிந்துவிடும்.

கருவிகள்

இருபது முப்பது கருவிகள் அடங்கிய பெட்டி விற்பனைக்கு வரும். அதை வாங்காதீர்கள். அதில் இருக்கும் முத்திரை அச்சுகளில் பலவற்றை நீங்கள் தொடவே மாட்டீர்கள், தேவையான உளி மட்டும் மட்டமாக இருக்கும். அந்தப் பணத்தில் கீழே உள்ளவற்றைத் தனித்தனியாக வாங்கலாம்:

- அலகை உடைத்துப் புதுப்பிக்கும் கட்டர், இரும்பு அடிக்கோல், கட்டிங் மேட்
- 4 மி.மீ. இடைவெளியுள்ள தையல் உளி இரண்டு: நான்கு பல் ஒன்று, இரண்டு பல் ஒன்று
- கொட்டாப்புளி. மரமோ கெட்டி பிளாஸ்டிக்கோ போதும். இரும்புச் சுத்தியல் உளியின் தலையைச் சிதைத்துவிடும்
- முனை மழுங்கிய தையல் ஊசி இரண்டு, 0.6 அல்லது 0.8 மி.மீ. மெழுகு நூல்
- கவராயம், குத்தூசி, விளிம்பு சீவும் பெவலர்
- காண்டாக்ட் சிமென்ட் (இரண்டு பக்கமும் தடவிக் காயவிட்டு ஒட்டும் பசை), நான்கைந்து பைண்டர் கிளிப்
- 220, 400, 600 எண் உப்புத்தாள், தேன்மெழுகு, மெருகேற்ற ஒரு மரக்கட்டை

ஊசி மழுங்கலாக இருக்க வேண்டும் என்பது புதியவர்களுக்கு வியப்பாக இருக்கும். துளை போடுவது உளியின் வேலை. ஊசி அந்தத் துளைக்குள் நூலைக் கொண்டு போனால் போதும். கூர்மையான ஊசி ஏற்கெனவே உள்ளே இருக்கும் நூலைக் குத்திப் பிளந்துவிடும்.

இந்தப் பட்டியலில் எதற்குச் செலவு செய்வது என்று கேட்டால், தையல் உளிக்கு என்பேன். பற்கள் மெல்லியதாக, வழவழப்பாக இருந்தால் தோலை விட்டு எளிதில் வெளியே வரும். மற்ற எல்லாவற்றிலும் சாதாரணமானதே போதும்.

அளவும் வெட்டும்

வங்கி அட்டை உலகம் முழுவதும் ஒரே அளவு: 85.60 × 53.98 மி.மீ. பின்துண்டு 100 × 65, முன்துண்டு 100 × 50 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே தைப்பதால் தையலுக்கு இடையே 94 மி.மீ. கிடைக்கும். நான்கு அட்டைகளின் தடிமனுக்கும் சேர்த்து இது போதும். முதலில் கெட்டி அட்டையில் இந்த இரண்டு துண்டுகளையும் வெட்டி, கிளிப் போட்டு, உள்ளே உண்மையான அட்டைகளை வைத்துப் பாருங்கள். தோலில் தவறு செய்தால் திருத்த முடியாது.

வெட்டும்போது அடிக்கோல் உங்களுக்கு வேண்டிய துண்டின் மேல் இருக்கட்டும். கத்தி வழுக்கினாலும் கழிவுப் பக்கம்தான் போகும். முதல் இழுப்பு மெதுவாக, கோடு போடுவதுபோல். இரண்டாவது, மூன்றாவது இழுப்பில் அறுந்தால் போதும், ஒரே மூச்சில் அழுத்தினால் தோல் இழுபட்டுக் கோடு வளையும். அலகு செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள், சாய்ந்தால் ஓரமும் சாயும். அடிக்கோலைப் பிடிக்கும் விரல் நுனிகள் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. இந்த வேலையில் நடக்கும் காயங்களில் பெரும்பாலானவை மழுங்கிய அலகை அழுத்தி இழுப்பதால் வருபவை. இழுக்கக் கடினமாகத் தோன்றினால் உடனே அலகின் நுனியை உடைத்துப் புதிதாக்குங்கள்.

ஒட்டுவதற்கு முன் இரண்டு வேலை

இந்த இடத்தை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். ஒட்டித் தைத்த பிறகு முன்துண்டின் மேல் ஓரத்துக்குக் கருவி சரியாக எட்டாது. அதனால் அந்த ஓரத்தை இப்போதே சீவி, தேய்த்து, மெருகேற்றி முடித்துவிட வேண்டும் (செய்யும் விதம் கடைசியில் ‘ஓரம்’ பகுதியில் இருக்கிறது). பின்துண்டின் மேல் ஓரத்தையும் கையோடு முடிப்பது நல்லது. எந்தத் தோல் பொருளாக இருந்தாலும் வேலையைத் தொடங்கும் முன், ‘தைத்த பிறகு எந்த ஓரம் எட்டாது?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சதைப்பக்கம். தோலின் வழவழப்பான பக்கம் மேல்பக்கம், சொரசொரப்பான பக்கம் சதைப்பக்கம். நம் உறையில் இரண்டு சதைப்பக்கங்களும் உள்ளே பார்த்தபடி சேரும். அவற்றில் டோக்கனோல் போன்ற மெருகுப் பசையை மெல்லியதாகத் தடவி மரக்கட்டையால் தேய்த்தால் தூசு உதிராது, அட்டை வழுக்கிக்கொண்டு போகும். ஓரத்தில் 5 மி.மீ. மட்டும் தடவாமல் விடுங்கள், அங்கேதான் ஒட்டப்போகிறோம்.

ஒரு எச்சரிக்கை. ஈரமான தாவரத் தோலில் இரும்புத் துகளோ துருவோ பட்டால் கறுப்புக் கறை விழும். தோலில் உள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து செய்யும் வேலை அது. துவர்ப்புள்ள மாசிக்காயோடு அன்னபேதி என்ற இரும்பு உப்பைச் சேர்த்து எழுதும் மை காய்ச்சியது இதே வேதியியலில்தான். தோல் ஈரமாக இருக்கும்போது இரும்பு அடிக்கோலை அதன் மேல் வைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள்.

ஒட்டுதல்

இரண்டு துண்டுகளிலும் பக்கங்களிலும் அடியிலும் 4 மி.மீ. அகலத்துக்கு காண்டாக்ட் சிமென்ட்டை மெல்லியதாகத் தடவுங்கள். தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்குக் காயட்டும். அப்புறம் அடி மூலைகளைச் சரியாகப் பொருத்தி அழுத்துங்கள். பட்டவுடன் பிடித்துக்கொள்ளும், நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்காது. சன்னலைத் திறந்து வையுங்கள், அருகில் தீ இருக்கக் கூடாது.

ஒட்டியதும் அடி மூலைகள் இரண்டிலும் ஒரு நாணயத்தை வைத்து வரைந்து வட்டமாக வெட்டிவிடுங்கள். பிறகு மூன்று ஓரங்களையும் 220 எண் உப்புத்தாளில் தேய்த்து இரண்டு துண்டும் ஒன்றாகத் தெரியும்படி சமப்படுத்துங்கள். கவராயத்தின் ஒரு கால் இந்த ஓரத்தைத் தொட்டுக்கொண்டுதான் நகரப்போகிறது. ஓரம் மேடு பள்ளமாக இருந்தால் தையல் கோடும் அப்படியே வரும்.

துளையிடுதல்

கவராயத்தை 3 மி.மீ. விரித்து, ஓரத்தை ஒட்டி மெல்லிய கோடு கீறுங்கள். உளியை அந்தக் கோட்டில் வைக்கும்போது முதல் பல் முன்துண்டுக்கு மேலே, பின்துண்டில் மட்டும் விழ வேண்டும். பைக்குள் அட்டையைத் திணிக்கும்போதெல்லாம் இழுபடும் இடம் அந்த வாய் ஓரம். நூல் அதைத் தாண்டிப் போய்க் கட்டினால்தான் பிரியாது.

உடனே அடிக்காதீர்கள். முதலில் உளியைக் கையால் அழுத்திக் கோடு முழுக்க அச்சு மட்டும் பதியுங்கள். ஒவ்வொரு முறையும் கடைசி அச்சில் முதல் பல்லை வைத்துத் தொடர்ந்தால் இடைவெளி மாறாது. வளைவுகளில் இரண்டு பல் உளி. எதிர்ப்பக்க வாய் ஓரத்தை நெருங்கும்போது இடைவெளி சரியாக வராது என்று தெரிந்தால், கடைசி ஏழெட்டுத் துளைகளில் மயிரிழை மயிரிழையாகப் பகிர்ந்துகொள்ளுங்கள், கண்ணுக்குத் தெரியாது. பிறகு அடியில் கழிவுத் தோலோ பிளாஸ்டிக் பலகையோ வைத்து, உளியைச் செங்குத்தாக நிறுத்தி, கொட்டாப்புளியால் இரண்டு மூன்று அடி. பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். அங்கும் கோடு நேராக இருந்தால் உளி சாயவில்லை.

தையல்

நம் தையல் சுமார் 200 மி.மீ. நூல் அதைப்போல் நான்கு மடங்கு, ஊசியில் கோக்க 20 செ.மீ. கூடுதலாக. ஆக ஒரு மீட்டர். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஒவ்வோர் ஊசி. காதில் நுழைத்த நூலின் நுனிப்பகுதியை ஊசி முனையால் இரண்டு மூன்று இடத்தில் குத்தி, அதைக் காதுப் பக்கம் இழுத்துவிட்டால் உருவாது.

உறையை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொள்ளலாம், முன்பக்கம் வலப்புறம் இருக்கட்டும். முதல் துளையில் ஓர் ஊசியை விட்டு நூலைப் பாதிவரை இழுத்து இரண்டு பக்கமும் சமமாக்குங்கள். வாய் ஓரத்தைத் தாண்டும் அந்த முதல் தையலை இரண்டு சுற்று போடுங்கள். அதன்பின் ஒவ்வொரு துளைக்கும் ஒரே வரிசை: இடது ஊசி முதலில் போகும், அதன் நூலைச் சற்று இழுத்துப் பிடித்தபடி வலது ஊசி அதே துளையில் திரும்பி வரும், பிறகு இரண்டு கையும் ஒரே இழுப்பில் இறுக்கும். வலது ஊசி முதல் நூலுக்கு மேலே போகிறதா கீழே போகிறதா என்பதை ஒருமுறை முடிவு செய்துவிட்டால் கடைசிவரை மாற்றக் கூடாது. மாற்றிய இடத்தில் தையலின் சாய்வு மாறும், தூரத்திலிருந்தே தெரியும்.

இதற்குச் சேணத் தையல் என்று பெயர். குதிரைச் சேணம் தைப்பவர்கள் இப்படித்தான் தைத்தார்கள். மெஷின் தையலில் மேல்நூலும் அடிநூலும் நடுவில் கொக்கி போட்டுக்கொண்டு நிற்கும், ஒன்று அறுந்தால் அங்கிருந்து பிரியத் தொடங்கும். சேணத் தையலில் இரண்டு நூலும் ஒவ்வொரு துளையையும் முழுதாகக் கடந்து போகின்றன. ஒரு பக்கம் தேய்ந்து அறுந்தாலும் மற்ற நூல் பிடித்துக்கொள்ளும். கையால் தைக்கும் சிரமத்துக்கு இது ஒன்றே போதுமான காரணம் என்று நினைக்கிறேன்.

கடைசித் துளையிலும் இரண்டு சுற்று போட்டு, இரண்டு மூன்று துளை பின்னால் தைத்து, இரண்டு நூலையும் பின்பக்கம் கொண்டுவாருங்கள். பாலியெஸ்டர் நூலாக இருந்தால் 2 மி.மீ. விட்டு வெட்டி, லைட்டரை ஒரு நொடி காட்டி அழுத்திவிடலாம். லினன் நூல் உருகாது, கருகும். அதை ஒட்ட வெட்டி ஒரு துளி பசை வையுங்கள். தையல் முழுவதையும் கொட்டாப்புளியால் லேசாகத் தட்டினால் நூல் படிந்து அமரும்.

ஓரம்

பெவலரால் முன்னும் பின்னும் முனையைச் சீவுங்கள். 400, அப்புறம் 600 உப்புத்தாள். விரலில் தண்ணீரோ மெருகுப் பசையோ தொட்டு ஓரத்தை ஈரப்படுத்தி, மரக்கட்டையால் வேகமாக, ஆனால் அழுத்தாமல் தேய்க்க வேண்டும். சூடு ஏறும்போது நார்கள் படிந்து ஒட்டும். ஈரம் அதிகமானாலோ கை அழுத்தினாலோ ஓரம் காளான் குடைபோல் இருபுறமும் விரிந்துவிடும். அப்படி ஆனால் காயவிட்டு, உப்புத்தாளிலிருந்து மறுபடி தொடங்குங்கள். நானே ஓர் உறைக்கு இதை மூன்று நான்கு முறை செய்வதுண்டு. கடைசியில் தேன்மெழுகைத் தடவிப் பழைய பருத்தித் துணியால் தேய்த்தால் பளபளப்பு நிற்கும்.

முதல் நாள் இரண்டு அட்டை நுழைவதே இறுக்கமாக இருக்கும். தளர்த்துவதற்காக எண்ணெய் தடவாதீர்கள், அதிகமானால் தோல் தொளதொளத்துவிடும். மூன்று அட்டைகளைச் செருகி ஓர் இரவு அப்படியே வைத்துவிடுங்கள், தோல் தானாக இடம் கொடுக்கும். நான்காவது அட்டையை மறுநாள் வைக்கலாம்.