ஆடிட்டிலிருந்து ஃபைனான்ஸ் கன்ட்ரோலர் வேலைக்கு: நான் போன வழி

ஆடிட் நிறுவனத்தில் ஆறு வருடம் குப்பை கொட்டிவிட்டு, கார் உதிரிபாக ஆலை ஒன்றில் பிளான்ட் கன்ட்ரோலராக, அதாவது ஆலையின் கணக்குவழக்குக்குப் பொறுப்பாளராகச் சேர்ந்தேன். நடுவில் நான்கு இன்டர்வியூக்களில் கோட்டை விட்டேன். பற்று வரவு தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: எந்தப் பெயரில் தேடுவது?

வேலைத் தளங்களில் வெறும் ‘கன்ட்ரோலர்’ என்று போட்டால் டாக்குமென்ட் கன்ட்ரோலர், புரொடக்‌ஷன் கன்ட்ரோலர் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ‘ஆர் டூ ஆர் மேனேஜர்’ (ரெக்கார்ட் டூ ரிப்போர்ட்: கணக்குப் பதிவு முதல் அறிக்கை வரை), ‘பிளான்ட் ஃபைனான்ஸ்’, ‘பிசினஸ் யூனிட் கன்ட்ரோலர்’ என்றும் தேடுங்கள். ஓஎம்ஆர் பக்கம் வெளிநாட்டு நிறுவனங்களின் சேவை மையங்களில் முதல் வகை அதிகம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் என்றால் ஆலை வேலை.

படி 2: தகுதி

சிஏ அல்லது சிஎம்ஏ (காஸ்ட் அக்கவுண்டன்ட்). ஆலைகளில் காஸ்டிங் (அடக்கவிலைக் கணக்கு) தெரிந்த சிஎம்ஏக்களுக்கு நல்ல மதிப்பு. அமெரிக்கத் தாய் நிறுவனம் என்றால் யுஎஸ் சிஎம்ஏவும் எடுபடும். இரண்டே தாள்கள், ஆனால் சான்றிதழ் கைக்கு வர இரண்டு வருட வேலை அனுபவமும் வேண்டும். ஏற்கெனவே சிஏ முடித்தவர்கள் பெயருக்குப் பின்னால் இன்னும் எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டாம் என்பது என் கருத்து. அந்த நேரத்தில் வருமானம், குத்தகை பற்றிய இண்ட் ஏஎஸ் (இந்தியக் கணக்கியல் தரநிலை) 115, 116 இரண்டையும் ஊன்றிப் படியுங்கள். நிகர மதிப்பு 250 கோடியைத் தொட்ட நிறுவனங்களுக்கு, பட்டியலிடப்படாவிட்டாலும், இண்ட் ஏஎஸ் கட்டாயம்.

படி 3: நான் சறுக்கிய இடம்

ஜிஆர்ஐஆர் என்பது சரக்கு வந்து பில் வரும் வரை தொகையை நிறுத்திவைக்கும் இடைக்கணக்கு. இன்டர்வியூவில் வந்த கேள்வி இதுதான்: “ஜிஆர்ஐஆர் கணக்கில் எட்டு மாதமாக ஒரு கிரெடிட் நிற்கிறது. என்ன செய்வீர்கள்?”

“அப்சர்வேஷனாக எழுதி மேனேஜ்மென்ட்டிடம் விளக்கம் கேட்பேன்” என்றேன். எதிரில் இருந்தவர் சிரித்துவிட்டார். “அந்த விளக்கத்தைச் சொல்ல வேண்டியவரே நீங்கள்தானே?”

சரி, பதிலுக்கு வருவோம். ஸ்டோர்ஸில் சரக்கு வரவு போட்டதும் சரக்கு டெபிட், ஜிஆர்ஐஆர் கிரெடிட். பில் வந்ததும் ஜிஆர்ஐஆர் டெபிட், சப்ளையர் கிரெடிட். கிரெடிட் அப்படியே நின்றால் முதலில் மூன்று சந்தேகங்கள் வர வேண்டும். பில்லே வரவில்லை. அளவு தப்பாக ஏறியிருக்கிறது. அல்லது, பில் வந்தும் யாரோ அதை பர்ச்சேஸ் ஆர்டரோடு சேர்க்காமல் நேராகச் செலவில் போட்டுவிட்டார்கள். மூன்றாவதுதான் ஆபத்து: ஒரே பொருள் சரக்காக ஒருமுறை, செலவாக ஒருமுறை என்று இரண்டு தடவை ஏறியிருக்கும். சப்ளையர் ஸ்டேட்மென்ட்டை வாங்கி வைத்து, ஸ்டோர்ஸ் ஆளுடன் உட்கார்ந்து வரிவரியாகப் பார்க்க வேண்டும். “பழைய பாக்கிதானே, வருமானத்துக்குத் தள்ளிவிடலாம்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கடன் இல்லை என்று உறுதியாகாமல் அதைத் தொடக் கூடாது.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே இதே கணக்குடன் இரவு பதினொரு மணி வரை மல்லுக்கட்டினேன் என்பது தனிக்கதை.

படி 4: கருவிகள்

டாலி மட்டும் போதாது, பெரிய நிறுவனங்களின் மென்பொருளான சாப் (SAP) அல்லது ஆரக்கிள் ஒன்றில் கை பழகியிருக்க வேண்டும். எக்செலில் மேக்ரோவை (எழுதிவைக்கும் நிரல்) விட, தரவை இழுத்து ஒழுங்குபடுத்தும் பவர் குவெரியைத்தான் பரிந்துரைப்பேன். வேலையை விட்டுப் போனவர் எழுதிவைத்த மேக்ரோ மாதக் கடைசியில் நின்றுபோனால் அழுகைதான் வரும்.

பின்சேர்க்கை 1: இன்டர்வியூவில் ஆடிட் ட்ரெயில் (கணக்கில் செய்த திருத்தங்களின் பதிவு) பற்றிக் கேட்டார்கள் என்று ஒருவர் கமெண்டில் எழுதியிருந்தார். விட்டுவிட்டேன், மன்னிக்கவும். 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கு மென்பொருளில் யார் எதைத் திருத்தினாலும் தேதியோடு பதிவாக வேண்டும், அதை அணைக்கவும் முடியக் கூடாது. “டேட்டாபேஸில் நேரடியாகத் திருத்தினால்?” என்று அடுத்த கேள்வி வரும். அங்கேயும் யார் கையில் அனுமதி இருக்கிறது, அந்த லாக் எங்கே என்று விசாரித்து வைப்பது உங்கள் வேலை.

பின்சேர்க்கை 2: “சிஏ இன்டர் மட்டும் முடித்திருக்கிறேன், வாய்ப்பு உண்டா?” உண்டு, சுற்றுவழி. ஆர் டூ ஆர் அனலிஸ்ட்டாக நுழைந்து, ஒரு கிளை நிறுவனத்தின் மாதக் கணக்கு முடிப்பை முழுதாக உங்கள் பொறுப்பில் கேட்டு வாங்குங்கள். ரெஸ்யூமேயில் அதை முதல் வரியாகப் போடுங்கள், இன்டர் கீழே இருக்கட்டும்.