நானோ துகள் ஏற்பி வழியாகத்தான் செல்லுக்குள் போனதா? சோதிக்கும் முறை

எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஒளிரும் துகளைப் போட்ட ஹீலா செல் (ஆய்வகத்தில் வளர்க்கும் கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் செல்) சிவப்பாக ஒளிர்ந்ததும் குறியில் பட்டுவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். செல் பலவகைத் துகள்களை விழுங்கும். ஃபோலேட் ஏற்பி (ஃபோலேட் என்ற பி வைட்டமினையும் அதன் வடிவமான ஃபோலிக் அமிலத்தையும் பிடிக்கும் செல் பரப்புப் புரதம்) வழியாகப் போனது என்று காட்டினால்தான் அது கணக்கு.

முதலில் நிறம். நீலமாக ஒளிரும் கார்பன் துகள் செய்வது சுலபம். ஆனால் உட்கருவுக்குப் போடும் டாப்பி சாயமும் நீலம், செல்லின் சொந்த ஒளிர்வும் அந்தப் பக்கம் அதிகம். சிவப்பாக ஒளிரும் சை5 சாயத்தை உள்ளே வைத்த சிலிக்கா துகளை எடுங்கள். 2011இல் அமெரிக்காவில் மனிதரிடம் சோதிக்க அனுமதி பெற்ற, கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவான கார்னெல் துகளும் இந்த வகைதான். 10 நானோமீட்டருக்கும் சிறியது என்பதால் சிறுநீரோடு வெளியேறும்.

ஏற்பி பிடிக்க வேண்டிய ஃபோலிக் அமிலத்தை ஈடிசி, என்எச்எஸ் என்ற இணைப்பு வேதிப்பொருள்கள் கொண்டு துகளின் அமீனில் (நைட்ரஜன் உள்ள வேதித்தொகுதி) இணையுங்கள். கரைசலுக்கு டிரிஸ் பஃபர் வேண்டாம், அதிலேயே அமீன் இருப்பதால் ஃபோலிக் அமிலம் அதோடு இணைந்துவிடும். இணையாமல் மிஞ்சிய ஃபோலிக் அமிலத்தை டயாலிசிஸ் செய்து (சவ்வு வழியாகச் சிறு மூலக்கூறுகளைப் பிரித்து) முழுக்க நீக்குங்கள். மிஞ்சினால் அதுவே ஏற்பியை அடைத்துக்கொள்ளும்.

மீடியா (செல்லை வளர்க்கும் திரவம்) விஷயத்தில் பலர் சறுக்குகிறார்கள். வழக்கமான ஆர்பிஎம்ஐ 1640இல் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் உண்டு. அதில் வளர்ந்த செல்லிடம் உங்கள் துகளுக்கு எங்கே இடம்? ஃபோலேட் இல்லாத ஆர்பிஎம்ஐக்கு முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். மீடியாவில் சேர்க்கும் சீரத்தில் இருக்கும் கொஞ்சம் ஃபோலேட் போதும்.

அப்புறம் கிணறுகளை, அதாவது செல் வளரும் தட்டின் குழிகளை, பிரியுங்கள். ஃபோலேட் உள்ள துகள், இல்லாத துகள், துகளே போடாதது. இன்னொன்றில் ஃபோலேட் உள்ள துகளுக்கு அரை மணி நேரம் முன்பே 1 மில்லிமோலார் ஃபோலிக் அமிலம்; அது ஏற்பியை அடைத்துவிடுவதால் ஒளி குறைய வேண்டும். ஒரு தட்டை 4 டிகிரியில் வையுங்கள். அங்கே செல் விழுங்காது, மேலே ஒட்டியது மட்டும் தெரியும். ஏற்பி குறைந்த ஏ549 (நுரையீரல் புற்றுநோய்) செல்லும் கட்டாயம் வேண்டும்.

பிபிஎஸ் உப்புக் கரைசலில் மூன்று முறை கழுவி, செல் அப்படியே நிலைக்க 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் 15 நிமிடம் வைத்து, கான்ஃபோகல் நுண்ணோக்கியில் பாருங்கள். லேசர் அளவு, கெயின் (ஒளிச் சைகையைப் பெருக்கும் அளவு) இரண்டும் எல்லாக் கிணற்றுக்கும் ஒன்றே. ஒரு கிணறு மங்கலாக இருக்கிறதே என்று கெயினை ஏற்றினால் மொத்த ஒப்பீடும் போச்சு.

ஃபோலிக் அமிலம் முன்பே போட்ட கிணற்றில் ஒளி குறையவில்லையா? துகளின் ஜீட்டா மின்னழுத்தத்தை (மேற்பரப்பு மின்னேற்றத்தைக் காட்டும் அளவு) அளந்து பாருங்கள். மிஞ்சிய அமீன்களால் நேர்மின்னேற்றம் இருந்தால், எதிர்மின்னேற்றமுள்ள செல் சவ்வில் சும்மாவே ஒட்டும். துகள்மேல் பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) பூசிவிட்டு மறுபடி செய்யுங்கள்.