லினக்ஸில் ஈதர்நெட் பிரிட்ஜ்: முதலில் கேபிள் இல்லாமல் பழகுவோம்

லினக்ஸ் கணினியில் மெய்நிகர் கணினிகளை ஓட்டத் தொடங்கியவருக்கு விரைவிலேயே ஒரு தேவை எழும். உள்ளே ஓடும் கணினியும் வீட்டு ரவுட்டரிடமிருந்து நேரடியாக ஐபி முகவரி பெற வேண்டும். வெளியில் உள்ளவை அதைத் தனிக் கணினியாகவே காண வேண்டும். இதற்கு உதவுவது ஈதர்நெட் பிரிட்ஜ். புதியவர்கள் பலர் இதை ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க் அட்டையிலேயே முயன்று, இணைப்பை அறுத்துக்கொண்டு, தொலைவில் இருக்கும் கணினியின் முன் யாரையாவது உட்காரவைக்க வேண்டிய நிலைக்கு வந்துவிடுகிறார்கள். நானும் ஒருமுறை அப்படி மாட்டிக்கொண்டவன்தான். ஆகவே இந்த விளக்கத்தில் அட்டையைக் கடைசியில்தான் தொடப்போகிறோம்.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், ரூட் உரிமையோடு தட்டச்சு செய்ய வேண்டும். பிஆர்0, வி1, வி2, வீடு, கடை என்பவை நாம் வைக்கும் பெயர்கள்.

பிரிட்ஜ் என்ன செய்கிறது?

மேசையில் இருக்கும் ஸ்விட்ச் செய்யும் வேலையை, லினக்ஸின் மையமான கர்னலுக்குள்ளேயே செய்வதுதான் பிரிட்ஜ். ஒரு போர்ட் வழியாக ஃபிரேம் (ஈதர்நெட்டில் தரவு பயணிக்கும் பொட்டலம்) வந்ததும், அதை அனுப்பியவரின் மேக் முகவரியை, அதாவது நெட்வொர்க் இடைமுகத்தின் வன்பொருள் முகவரியைப் பார்த்து, இந்த முகவரி இந்தப் போர்ட்டின் பக்கம் இருக்கிறது என்று ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். பெறுநரின் முகவரி அட்டவணையில் இருந்தால் அந்தப் போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். இல்லையென்றால், வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்டுகளுக்கும் அனுப்பும். இந்த வேலைக்கு ஐபி முகவரி எதுவும் அதற்குத் தேவையில்லை. இதை மனத்தில் இருத்திக்கொண்டால், போர்ட்டாகச் சேர்ந்துவிட்ட அட்டைக்குத் தனி ஐபி முகவரி ஏன் கூடாது என்பது பின்னால் தானாகவே விளங்கும்.

முதற்படி: பிரிட்ஜை உருவாக்குதல்

ஐபி லிங்க் ஆட் நேம் பிஆர்0 டைப் பிரிட்ஜ்
ஐபி லிங்க் செட் பிஆர்0 அப்

பழைய விளக்கங்களில் பிஆர்சிடிஎல் என்ற கட்டளையைக் காண்பீர்கள். அது இன்றும் வேலை செய்யும்; ஆனால் புதிதாகக் கற்பவர்கள் ஐபி, பிரிட்ஜ் என்ற இரண்டு கட்டளைகளோடு தொடங்குவதே நல்லது.

இரண்டாம் படி: இரண்டு பொய்க் கணினிகள்

லினக்ஸில் நெட்வொர்க் பெயர்வெளி என்றொரு வசதி இருக்கிறது. ஒவ்வொரு பெயர்வெளிக்கும் தனி இடைமுகங்களும் தனி வழித்தடங்களும் உண்டு என்பதால், பிரிட்ஜின் பார்வையில் அது ஒரு தனிக் கணினியைப் போலவே இருக்கும். அதைப் பிரிட்ஜோடு இணைக்க வெத் என்ற மெய்நிகர் இடைமுக இணை பயன்படும். அதை இரண்டு முனை கொண்ட கேபிளாக எண்ணிக்கொள்ளுங்கள்: ஒரு முனை பிரிட்ஜில், மறு முனை பெயர்வெளிக்குள்.

ஐபி நெட்என்எஸ் ஆட் வீடு
ஐபி லிங்க் ஆட் வி1 டைப் வெத் பியர் நேம் ஈத்0 நெட்என்எஸ் வீடு
ஐபி லிங்க் செட் வி1 மாஸ்டர் பிஆர்0
ஐபி லிங்க் செட் வி1 அப்
ஐபி -என் வீடு அட்ர் ஆட் 192.168.50.11/24 டெவ் ஈத்0
ஐபி -என் வீடு லிங்க் செட் ஈத்0 அப்

மூன்றாவது வரிதான் இதில் முக்கியமானது. மாஸ்டர் என்ற சொல்தான் வி1-ஐப் பிரிட்ஜின் போர்ட்டாக மாற்றுகிறது. இதே ஆறு வரிகளை வீடு என்பதற்குக் கடை என்றும், வி1-க்கு வி2 என்றும், முகவரியை 192.168.50.12 என்றும் மாற்றி மறுபடி இயக்குங்கள். பிறகு:

ஐபி நெட்என்எஸ் எக்ஸெக் வீடு பிங் 192.168.50.12

பதில் வந்தால் பிரிட்ஜ் இயங்குகிறது என்று பொருள். பிஆர்0-க்கு நாம் ஐபி முகவரியே தரவில்லை என்பதையும் கவனியுங்கள். பதில் வராவிட்டால், வரிகளில் பிழை இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, கடைசிப் பகுதிக்குத் தாவுங்கள்.

மூன்றாம் படி: அட்டவணையைப் பார்த்தல்

பிரிட்ஜ் எஃப்டிபி ஷோ பிஆர் பிஆர்0

எஃப்டிபி என்பது ஃபார்வர்டிங் டேட்டாபேஸ் என்பதன் சுருக்கம்; முன்பு சொன்ன அட்டவணை இதுதான். பெர்மனென்ட் என்று முடியும் வரிகளைப் பொருட்படுத்த வேண்டாம். போர்ட்டுகளின் சொந்த முகவரிகள் போன்ற நிலையான பதிவுகள் அவை. அந்தச் சொல் இல்லாத வரிகளே பிரிட்ஜ் தானாகக் கற்றவை. ஒரு முகவரியிலிருந்து 300 விநாடிகள் வரை எந்த ஃபிரேமும் வராவிட்டால், அந்தப் பதிவு நீக்கப்படும். இந்தக் கால அளவை 'ஐபி -டி லிங்க் ஷோ பிஆர்0' (-டி என்பது டீட்டெயில்ஸ்) என்ற கட்டளையால் பார்த்தால் 300 என்று இராது, 30000 என்று இருக்கும். இங்கே நேரங்கள் விநாடியின் நூற்றில் ஒரு பங்காகக் காட்டப்படுகின்றன. இது தெரியாமல் மதிப்பை மாற்றி, பிறகு தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு.

நான்காம் படி: சுழலைத் தடுத்தல்

இரண்டு பிரிட்ஜுகளுக்கு இடையே தவறுதலாக இரண்டு கேபிள்களை மாட்டிவிட்டால், எல்லோருக்குமாக அனுப்பப்படும் ஃபிரேம் ஒன்று சுற்றிச்சுற்றி வந்துகொண்டே இருக்கும். ஐபி பொதியில் ஒவ்வொரு தாவலுக்கும் குறையும் ஓர் எண் இருக்கிறது. ஈதர்நெட் ஃபிரேமில் அப்படி எதுவும் இல்லை. ஆகவே அது தானாகச் சாவதில்லை, சில நொடிகளில் நெட்வொர்க் முழுவதும் திணறிவிடும். இதற்குத் தீர்வாக ராடியா பெர்ல்மன் 1980-களின் நடுவில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் வடிவமைத்ததே ஸ்பேனிங் ட்ரீ நெறிமுறை (ஸ்பேனிங் ட்ரீ புரோட்டோகால், சுருக்கமாக எஸ்டிபி). லினக்ஸ் பிரிட்ஜில் இது இயல்பாக அணைந்திருக்கும்.

ஐபி லிங்க் செட் பிஆர்0 டைப் பிரிட்ஜ் எஸ்டிபி_ஸ்டேட் 1

இனி வி2-ஐ ஒருமுறை டவுன் செய்து, மீண்டும் அப் செய்து, உடனே 'பிரிட்ஜ் லிங்க் ஷோ' என்ற கட்டளையைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை இயக்கிப் பாருங்கள். போர்ட் முதலில் லிசனிங், பிறகு லேர்னிங், அதன் பின்பே ஃபார்வர்டிங் நிலைக்கு வரும். ஒவ்வொரு கட்டமும் 15 விநாடி என்பதால் மொத்தம் 30 விநாடிகள் பிங் கிடைக்காது. மெய்நிகர் கணினி தொடங்கும்போது முகவரி கிடைக்காமல் தவிப்பதற்கு இந்த அரை நிமிடம் ஒரு காரணமாக இருப்பதுண்டு. ஒரே ஓர் அட்டையும் சில மெய்நிகர் கணினிகளும் மட்டும் உள்ள வீட்டு அமைப்பில் சுழல் உருவாக வழியில்லை. அங்கே இதை அணைத்தே வைக்கலாம் என்பது என் கருத்து.

ஐந்தாம் படி: போர்ட்டுகளைக் கட்டுப்படுத்துதல்

எல்லாக் கணினிகளுக்கும் இணையம் வேண்டும், ஆனால் அவை ஒன்றையொன்று அணுகக் கூடாது என்றால்:

பிரிட்ஜ் லிங்க் செட் டெவ் வி1 ஐசோலேட்டட் ஆன்
பிரிட்ஜ் லிங்க் செட் டெவ் வி2 ஐசோலேட்டட் ஆன்

ஒன்றை மட்டும் தனிமைப்படுத்தினால் பயனில்லை. தனிமைப்படுத்தப்பட்ட இரண்டு போர்ட்டுகளுக்கு இடையேதான் போக்குவரத்து தடைபடும். தனிமைப்படுத்தாத போர்ட்டோடு அவை வழக்கம்போல் பேசும்.

சோதனைக்கூடத்தைக் கலைக்க, 'ஐபி நெட்என்எஸ் டெல்' கட்டளையால் வீட்டையும் கடையையும் நீக்கிவிட்டு, 'ஐபி லிங்க் டெல் பிஆர்0' கொடுங்கள்.

ஆறாம் படி: உண்மையான அட்டை

டெபியனில் முதலில் பிரிட்ஜ்-யூட்டில்ஸ் தொகுப்பை நிறுவுங்கள். பிறகு /இடிசி/நெட்வொர்க்/இன்டர்ஃபேசஸ் கோப்பில் உங்கள் அட்டைக்கு இருக்கும் பழைய வரிகளை நீக்கி, இவற்றை எழுதுங்கள்; அட்டையின் பெயர் இங்கே இஎன்பி3எஸ்0.

ஐஃபேஸ் இஎன்பி3எஸ்0 ஐநெட் மேனுவல்
ஆட்டோ பிஆர்0
ஐஃபேஸ் பிஆர்0 ஐநெட் டிஹெச்சிபி
பிரிட்ஜ்_போர்ட்ஸ் இஎன்பி3எஸ்0
பிரிட்ஜ்_எஸ்டிபி ஆஃப்
பிரிட்ஜ்_எஃப்டி 0

முகவரி கேட்பது அட்டை அன்று, பிஆர்0. அட்டை இப்போது வெறும் போர்ட் மட்டுமே; அதற்கும் ஒரு முகவரி கொடுத்துவைத்தால், இணைப்பு இருப்பதுபோல் தோன்றிக்கொண்டே எதுவும் வேலை செய்யாது. கணினியின் முன் நேரில் அமர்ந்து மறுதொடக்கம் செய்யுங்கள். எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலிருந்து இதைச் செய்ய வேண்டாம்.

வைஃபை அட்டையைப் போர்ட்டாகச் சேர்க்க முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். வழக்கமான வைஃபை இணைப்பில், அணுகல் புள்ளி தன்னிடம் பதிவுசெய்துகொண்ட மேக் முகவரியை மட்டுமே ஏற்கும். பின்னால் இருக்கும் மெய்நிகர் கணினியின் முகவரியோடு வரும் ஃபிரேம்களை அது தள்ளிவிடும்.

எல்லாம் சரி, ஆனாலும் பிங் வரவில்லை

டாக்கர் (செயலிகளைக் கலன்கள் எனப்படும் தனித்தனிச் சூழல்களில் ஓட்டும் மென்பொருள்) நிறுவிய கணினியா என்று முதலில் பாருங்கள். டாக்கரின் பல பதிப்புகள் பிஆர்_நெட்ஃபில்டர் என்ற கர்னல் கூறை ஏற்றுகின்றன. அது பிரிட்ஜைக் கடக்கும் ஐபி பொதிகளையும் லினக்ஸின் தீச்சுவரான ஐபிடேபிள்ஸின் விதிகளுக்கு உட்படுத்துகிறது. டாக்கரே ஃபார்வர்ட் சங்கிலியின் (கணினியைக் கடந்துபோகும் பொதிகளுக்கான விதிப்பட்டியலின்) இயல்புக் கொள்கையை ட்ராப், அதாவது கைவிடு, என மாற்றியும் வைப்பதால், நம் பொதிகள் சத்தமில்லாமல் கைவிடப்படுகின்றன. உறுதிசெய்ய:

சிஸ்சிடிஎல் நெட்.பிரிட்ஜ்.பிரிட்ஜ்-என்எஃப்-கால்-ஐபிடேபிள்ஸ்

விடை 1 என்று வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். அதை 0 ஆக்கினால் பிங் வரும். ஆனால் டாக்கர் கலன்களுக்கு இடையிலான சில தடுப்பு விதிகளும் அதோடு செயலிழக்கக்கூடும். ஆகவே அதை 1 ஆகவே விட்டுவிட்டு, பிஆர்0 வழியாக வந்து பிஆர்0 வழியாகவே போகும் பொதிகளை மட்டும் அனுமதிக்கும் ஒரு விதியைச் சேர்ப்பதையே நான் விரும்புகிறேன்:

ஐபிடேபிள்ஸ் -ஐ ஃபார்வர்ட் -ஐ பிஆர்0 -ஓ பிஆர்0 -ஜே அக்செப்ட்

இந்த வரியில் முதல் ஐ பேரெழுத்து, இரண்டாவது சிற்றெழுத்து. ஃபார்வர்ட், அக்செப்ட் என்ற சொற்களும் முழுவதும் பேரெழுத்தில் இருக்க வேண்டும்.