இலியட் படிக்கணுமா? ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கோங்க

ஹோமர் பாடினதா சொல்ற பழைய கிரேக்கப் போர்க் காவியம் இலியட். அதை ஆசையா எடுத்துட்டு ரெண்டாவது காண்டத்துலயே மூடி வச்சவங்கள்ல நானும் ஒருத்தன். முதல் காண்டம் வாய்ச்சண்டையும் மிரட்டலுமா சும்மா பறக்கும், சரி இனிமே போர்தான்னு நிமிர்ந்து உக்காந்தா எந்த ஊர்லேர்ந்து எந்தத் தலைவன் எத்தனை கப்பல்ல வந்தான்னு ஒரு பட்டியல் ஆரம்பிக்கும் பாருங்க, கூட்டிப் பார்த்தா 1186 கப்பல், கல்யாண வீட்டு மொய் நோட்டை முழுசா உக்காந்து வாசிச்ச மாதிரி ஆயிடுச்சு எனக்கு. பல வருஷம் கழிச்சு வேற ஒரு வழியில படிச்சேன், அப்பதான் உள்ள போக முடிஞ்சுது. கருப்பொருள், வீரப் பண்புகள்னு பரீட்சைக்குப் படிக்கறவங்களுக்கும் அந்த வழி உதவும்.

முதல்ல எதிர்பார்ப்பை சரி பண்ணிக்கோங்க. வீரர்கள் உள்ள ஒளிஞ்சு ட்ராய்க்குள்ள போற மரக்குதிரை இதுல வராது. கிரேக்கர்களோட பெரிய வீரன் அக்கிலீஸோட குதிகால் கதை வராது, ஏன், அவன் சாவே வராது, சீக்கிரம் செத்துடுவான்னு மட்டும் ஆளாளுக்கு சொல்லிட்டே இருப்பாங்க. கிரேக்கர்கள் ட்ராய் நகரத்து மேல நடத்தின பத்து வருஷப் போர்ல கடைசி வருஷத்துல சில வாரம், அவ்வளவுதான் கதை, அதுக்கே 24 காண்டம், 15,000 வரிக்கு மேல. கிரேக்க மூலத்துல முதல் வார்த்தையே கோபம்தான். அதனால யாரு ஜெயிப்பாங்கன்னு தேடாதீங்க, ஒருத்தனுக்கு வந்த கோபம் எங்க போய் நிக்குதுன்னு பாருங்க.

இப்ப நோட்டை எடுத்து ஒரு பக்கத்துல நாலு தலைப்பு போடுங்க. டீமே, கெராஸ், க்ளியோஸ், ஐடோஸ். டீமேன்னா மரியாதை, ஆனா மனசுக்குள்ள வச்சுக்கறது இல்ல, நாலு பேர் பார்க்க செய்யறது. கெராஸ்னா அந்த மரியாதைக்கு அடையாளமா கையில கொடுக்கற பொருள், கொள்ளையடிச்சதுல சேனை ஒதுக்கித் தர்ற தனிப் பங்கு. க்ளியோஸ்னா செத்த பிறகும் பாட்டுல நிக்கற பேரு. ஐடோஸ்னா ஊரு என்ன சொல்லும்ங்கற கூச்சம். நாலும் ஒண்ணோட ஒண்ணு சிக்கிட்டுதான் கிடக்கும், பரவாயில்ல, ஒவ்வொரு காட்சியிலயும் எது அடிபடுதுன்னு குறிச்சுட்டே வாங்க.

முதல் காண்டத்துலயே டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம். அப்போலோவோட பூசாரி மகளை திருப்பித் தர மாட்டேன்னு கிரேக்க சேனைத் தலைவன் அகமெம்னான் அவரை விரட்டி விடறான், கொள்ளை நோய் வருது, வேற வழியில்லாம அவளை அனுப்பறான், ஆனா தன் பங்கு போச்சேன்னு அக்கிலீஸோட பங்கான பிரிசெய்ஸ்ங்கற பெண்ணை எடுத்துக்கறான். இதை காதல் பிரச்சனையா மட்டும் படிச்சா பாதிதான் புரியும். திருவிழாவுல ஒருத்தருக்கு கட்டின பரிவட்டத்தை ஊரே பார்த்துட்டு இருக்கும்போது உருவி எடுத்தா எப்படி இருக்கும், அந்த அடி அது. ரெண்டு பேரும் ஒரு பொண்ணை பொருள் மாதிரி பேசறாங்களேன்னு உங்களுக்கு எரிச்சல் வந்தா அதையும் ஓரமா எழுதி வைங்க, அவ பேசற இடம் பின்னாடி வருது.

முதல் தடவையே எல்லாத்தையும் வரிசையா படிக்கணும்னு கட்டாயம் இல்ல. 1, 6, 9, அப்புறம் 12ல ட்ராய் பக்கத்து வீரன் சார்பெடான் பேசற இடம் மட்டும், பிறகு 16, 18, 19, 22, 24, இந்த வரிசையில போங்க. கப்பல் பட்டியலை ரெண்டாவது ரவுண்டுல பாத்துக்கலாம், ஒண்ணும் ஓடிடாது.

9வது காண்டத்துல மட்டும் அவசரப்படாதீங்க, மொத்த காவியத்துலயும் எனக்குப் பிடிச்ச இடம் அது. அக்கிலீஸ் சண்டைக்கு வராததால கிரேக்கர்கள் தோத்துட்டு இருக்காங்க, அகமெம்னான் இறங்கி வந்து ஒரு பெரிய லிஸ்ட் சொல்றான், ஏழு மூணுகால் கொப்பரை, பத்து தாலந்து (அந்தக் காலத்து எடை அளவு) தங்கம், இருபது அண்டா, பன்னெண்டு குதிரை, பிரிசெய்ஸையும் திருப்பித் தர்றேன், ட்ராயை பிடிச்சா என் பொண்ணுங்கள்ல ஒருத்தியை கட்டிக்கோ, கூட ஏழு ஊரு. கடைசியில ஒண்ணு சேத்துக்கறான் பாருங்க, அவன் எனக்கு அடங்கட்டும், நான்தான் பெரிய ராஜா, வயசுலயும் மூத்தவன்னு. ஒடிசியஸ் தூது போய் இந்த லிஸ்டை அப்படியே வரி மாறாம ஒப்பிப்பான், ஆனா அந்த கடைசி வரியை மட்டும் விழுங்கிடுவான். அக்கிலீஸ் அதைக் கேக்கவே இல்ல, ஆனாலும் அவன் பதில் எப்படி தொடங்குதுன்னா, மனசுல ஒண்ணு வச்சுட்டு வாயில வேற சொல்றவன் எனக்கு நரகத்து வாசல் மாதிரின்னு. ரெண்டு பேச்சையும் பக்கத்துல பக்கத்துல வச்சு படிங்க. கெராஸை இரட்டிப்பா கொடுத்தும் டீமே ஏன் திரும்பி வரலைன்னு யாரும் விளக்க வேண்டியிருக்காது. அதே பதில்லதான் அவன் இன்னொண்ணும் சொல்றான், இங்க இருந்தா அழியாத க்ளியோஸ், ஊருக்குப் போனா நீண்ட ஆயுசு, பேசாம ஊருக்கே போயிடலாம்னு பாக்கறேன்னு. பெரிய வீரனே வீரத்துக்கு இந்த விலை கொடுக்கணுமான்னு கேக்கறான்!

சார்பெடான் இதையே எதிர்ப்பக்கத்துலேர்ந்து சொல்வான். நம்ம ஊர்ல நல்ல கறியும் நிறைஞ்ச கோப்பையும் நமக்கு ஏன் கொடுக்கறாங்க, முன்வரிசையில நிக்கறதாலதானே, சாவே வராதுன்னா நானும் சண்டைக்கு வரமாட்டேன், உன்னையும் அனுப்பமாட்டேன்னு நண்பன்கிட்ட சொல்றான்.

ஐடோஸ் பத்தி எழுதணும்னா ட்ராய் இளவரசன் ஹெக்டரை விட்டா ஆளில்ல. 6வது காண்டத்துல மனைவி ஆண்ட்ரோமக்கி மதில்கிட்ட நின்னு கெஞ்சறா, என் அப்பாவையும் ஏழு அண்ணன் தம்பிகளையும் அக்கிலீஸ் கொன்னுட்டான், எனக்கு எல்லாமே நீங்கதான்னு. ட்ராய் ஆண்களும் பெண்களும் என்ன நினைப்பாங்களோன்னு கூச்சமா இருக்குங்கறான் அவன். அப்புறம் குழந்தையை தூக்க கை நீட்டறான், ஹெல்மெட்டு மேல ஆடற குதிரைமுடியைப் பார்த்து பயந்து அது வீல்னு கத்துது, ரெண்டு பேரும் சிரிச்சுடறாங்க, அவன் ஹெல்மெட்டை கழட்டி தரையில வச்சுட்டு குழந்தையை கொஞ்சறான். சரி, இப்ப நேரா 22க்கு போங்க. தன் உயிர் நண்பன் பட்ரோக்ளஸை ஹெக்டர் கொன்ன ஆத்திரத்துல அக்கிலீஸ் வர்றான், ஹெக்டரோட அப்பா அம்மா மதில்லேர்ந்து உள்ள வாடான்னு கதறறாங்க, ஹெக்டர் அதே கூச்சத்தை அதே வார்த்தையில சொல்லிட்டு வெளியவே நிக்கறான், பின்வாங்குன்னு கூட இருந்த பாலிடமஸ் சொன்னப்ப கேக்காம சேனையை அழிச்சுட்டேனே, இப்ப எந்த முகத்தோட உள்ள போறதுன்னு. ஊரைக் காப்பாத்தின குணமே அவனை கதவுக்கு வெளிய நிறுத்திக் கொல்லுது. கடைசி நிமிஷத்துல பயந்து மதிலை மூணு சுத்து ஓடறான், அதையும் கவி மறைக்கல.

நடுவுல உக்காந்திருக்கறப்ப கூட அக்கிலீஸை வேகக்கால்காரன்னே சொல்வாங்க, போரடிக்குதேன்னு தாண்டாதீங்க, வாயால பாடின காலத்து ரெடிமேட் தொடர் அது. அமெரிக்க ஆய்வாளர் மில்மன் பாரி 1930கள்ல யுகோஸ்லாவியா பாடகர்களைக் கேட்டு இதை ஆராய்ஞ்சாரு, நம்ம இலங்கைத் தமிழ் விமர்சகர் க. கைலாசபதி பர்மிங்காம்ல பண்ண ஆய்வு 1968ல புத்தகமா வந்துச்சு, சங்கப் புறப்பாடல்களையும் இந்த மாதிரி வாய்மொழி மரபு பக்கத்துல வச்சுப் பாக்கும்.

கட்டுரை எழுதறவங்களுக்கு ஒண்ணு. வீரம், நட்பு, விதின்னு தலைப்பு போட்டு தலைப்புக்கு மூணு வரி எழுதாதீங்க, திருத்தறவங்க அதை ஆயிரம் தடவை பாத்திருப்பாங்க. ஒரே ஒரு ஜோடியை எடுங்க. 9ல அகமெம்னான் கொடுத்ததை மறுத்த அக்கிலீஸ் 24ல ஹெக்டரோட அப்பா, ட்ராய் ராஜா பிரையாம், மகன் உடலை மீட்க கொண்டு வந்த பொருளை ஏன் வாங்கிக்கறான்? அங்க அகமெம்னான் வரவே இல்ல, தூது அனுப்பினான். இங்க கிழவர் தானே ராத்திரியில எதிரி கூடாரத்துக்கு வந்து, தன் பிள்ளைங்களைக் கொன்ன அந்தக் கையை முத்தமிடறாரு, உன் அப்பாவை நினைச்சுப் பாருங்கறாரு, ரெண்டு பேரும் சேர்ந்து அழறாங்க, பிறகு சாப்பிடறாங்க. இது ஒண்ணு போதும் அஞ்சு பக்கத்துக்கு.

முடிக்கும்போது நோட்டுல ஒரு இடம் காலியா விடுங்க. 19ல பிரிசெய்ஸ் முதல் தடவையா வாய் திறந்து, செத்துக் கிடக்கற பட்ரோக்ளஸ் மேல விழுந்து அழறா, நீ எப்பவும் கனிவா இருந்தியேன்னு. 24ல ஹெக்டருக்கு கடைசியா ஒப்பாரி வைக்கற, இந்தப் போருக்கே காரணமா சொல்ற ஹெலன், இத்தனை வருஷத்துல உன் வாயிலேர்ந்து ஒரு கடுஞ்சொல் கேட்டதில்லையேங்கறா. நாலு தலைப்புல இது எதுக்குக் கீழ வரும்னு நானும் ரொம்ப நாளா பாக்கறேன், எதுலயும் அடங்க மாட்டேங்குது.